ஆழம் குறைந்த கிணறு

இன்று காலை மகள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். உப்புக் கரித்தது. உடனே, தோழி, நீ என் நினைவில் வந்து நின்றாய். இதோ, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அது முப்பதுகளின் தொடக்கம், திருவிதாங்கூர் மகாராஜா காலம். மழை பொய்த்து, நம் கடற்கரை ஊரின் ஒரே குடிநீர்க் கிணறு வற்றியது. ஆண்கள் மேலும் நான்கு முழம் தோண்டினார்கள். தண்ணீர் நிறையவே வந்தது. உப்புக் கரித்து, வாயில் வைக்கத்தான் முடியவில்லை. அதைக் குடித்து என் கைக்குழந்தை வயிறு போய் வாடிக் கிடந்தாள். இன்னும் தோண்டினால் சரியாகிவிடும் என்று மறுபடி மண்வெட்டி எடுத்தார்கள்.

நீ பத்மநாபபுரத்துப் பக்கம் செம்மண் மேட்டில் பிறந்து, எங்கள் மணலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அன்று என்னைத் தென்னந்தோப்புக்கு இழுத்துப் போனாய். கையால் பறித்த சிறு குழியிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு நீட்டினாய்.

“குடிச்சுப் பாரு, ஏட்டி.”

இளநீர் போல இனித்தது! பக்கத்தில் நீ ஆழமாக வெட்டியிருந்த இன்னொரு குழியிலோ ஒரே உப்பு.

“எங்க ஊருல மழை பெஞ்சா சரிவுல ஓடிப் போயிரும். இந்த மணலு அப்படியே குடிச்சிரும். குடிச்ச மழைத்தண்ணி மேல நிக்குது, கடல்தண்ணி அடியில கெடக்கு. நம்ம ஆளுவ நல்லத விட்டுட்டு அடியில போய்த் தோண்டுகாவ!”

இரண்டு குழித் தண்ணீரையும் இரண்டு சிரட்டைகளில் ஏந்தி, நேரே ஆண்கள் கூட்டத்துக்குள் நடந்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“கெணத்துல மணல் போட்டு அடிய மேடாக்கணும்,” என்றாய்.

“ஒனக்குக் கிறுக்கா?” என்று உன் புருஷனே சிரித்தார்.

ஊர்ப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டையும் குடித்துப் பார்த்தார். மறுபடியும் குடித்தார். “போடுங்கலே மணல,” என்றார்.

கூடை கூடையாக, கடவம் கடவமாக மணல் சுமந்தோம்! உப்பு அடியில் இறங்கட்டும் என்று எட்டு நாள் கிணற்றைத் தொடாமல், தோப்புக் குழிகளில் மொண்டே சமாளித்தோம். ஒன்பதாம் நாள் நீ பனையோலைப் பட்டையை இறக்கி இறைத்தாய். நல்ல தண்ணீர்! என் மகளுக்குப் புகட்டிவிட்டு, மிச்சத்தை உன் புருஷன் தலையில் கவிழ்த்தாயே, அவரும் சேர்ந்து சிரித்தாரே!

நீ போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. போன வாரம் புதுக் கிணறு வெட்டுகிறவர்கள் கூடியிருந்த இடத்துக்குப் போய், நல்ல தண்ணீர் வந்த எட்டு முழத்தோடு நிறுத்தச் சொன்னேன். இம்முறை ஒளிந்து நிற்க உன் முதுகு இல்லை.

“இத யாரு சொன்னா?” என்று ஒருவன் கேட்டான்.

ஊர்க் கிணற்றை மீட்டவள் என்று உன் பெயரைச் சொன்னேன். மண்வெட்டி நின்றது.