நாலாவது பேருக்கு விட்ட இடம்

ஆடி 6, திங்கள்
கச்சான் காத்து. வாவி கலங்கல். பூட்டுத் திறப்பு, தண்ணிக் குடம், குந்த ரெண்டு கதிரை. எல்லாம் எடுத்து வச்சாச்சு.

எனக்கு எழுத்துத் தெரியா. துஷி என்ட போன்ல மைக் ஒண்டு காட்டித் தந்திச்சு. அமத்திட்டுக் கதைச்சா அதுவே எழுதுது. பாக்கப் பூச்சி ஊர்ற மாதிரி.

பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு பேர். களுதாவளைத் துஷி, காத்தான்குடி ரினோஸா. குழுப் பேர் ‘கரைச்சல்’. இவ்வளவு நாளும் போன்ல பதிஞ்சு களவா விட்ட ராப் பாட்டு. ஸ்டூடியோ வச்சு அல்பம் செய்யிறது இதான் முதல். ஒன்பது பாட்டு. பூட்டிக் கிடந்த மீன் ஐஸ் கட்டடத்தில ஐஸ் அறைய வாடகைக்கு எடுத்திருக்குதுகள். நான் காவல். சுவர் ஒரு முழத் தடிப்பு. உள்ள கத்தினா வெளிய கேக்காது எண்டு துஷிக்குப் பெரிய சந்தோசம்.

கேக்காதுதான். எனக்குத் தெரியும்.

செவ்வாய்
வெயில். ரினோஸா வீட்டில கொம்பியூட்டர் வகுப்பு எண்டு சொல்லிட்டு வந்திச்சு. பத்து மணிக்கே சண்டை.

“செருமாத கா, பதியுது!”
“நான் எங்க கா செருமின? உன்ட தொண்டையப் பாரு.”

ஏழு தரம் பதிஞ்சாம். ஏழிலயும் கடைசியில ஒரு செருமல். ஹெட்போன எனக்கு மாட்டி விட்டுதுகள். ஆம்பிளட செருமல். வாய் திறக்கப் போறவன் செருமுறது.

ஆரெண்டு தெரியும். சொல்லல்ல. 

புதன்
சொல்லிட்டன்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலம். தோள்ல துவக்கு மாட்டியிருந்த ஆக்கள் எங்களை இந்த அறையிலதான் அடைச்சவங்க. அஞ்சு பேர். கும்மிருட்டு, முகம் தெரியா. தப்பிறவன் மத்தவங்கட வீட்டுக்குச் சொல்லணும் எண்டு ஒவ்வொருத்தரா பேரும் ஊரும் சொன்னம். மாணிக்கம், பழுகாமம். லத்தீபு, ஓட்டமாவடி. தங்கராசா, வாகரை. மறுகா நான். கடைசி ஆள் தொண்டையச் செருமினான். கதவு திறந்திட்டு.

“கையெழுத்து வைக்கத் தெரிஞ்சவன் எல்லாம் வெளிய வா.”

நாலு பேரும் போனாங்க. எனக்குக் கைநாட்டு. விடிய வெள்ளாப்பில பாத்தா கதவு சும்மா திறந்து கிடக்கு. ஒருத்தரும் இல்ல. அவங்க திரும்பி வரவும் இல்ல.

மூண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னன். நாலாவது வீடு? பேர் தெரியாம எந்த வாசல் படலையில போய் நிக்கிற? இந்தக் காவல் வேலை எடுத்ததும் அந்தப் பேர் எப்பவாவது கேக்கும் எண்டுதான். ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

துஷி ஹெட்போனக் கழட்டிச்சு. மறுகா, “ஐயா, கடைசிப் பாட்டில அந்தப் பேருகளை நீங்களே சொல்லுங்க.”

வியாழன்
மைக்குக்குக் கிட்ட நிண்டு மூண்டு பேரையும் சொன்னன். நாலாவதுக்கு இடம் விட்டிருக்கு. அடி மட்டும் ஓடுது, டும் டும் எண்டு.

கேட்டுப் பாத்தம். அந்த இடத்தில செருமல். அவ்வளவுதான், பேர் இல்ல. ரினோஸா ரெண்டு தரம் அழிச்சுப் பாத்திச்சு, போகல்ல.

“மனிசனுக்கு மைக் கூச்சம் கா” எண்டு பகிடி விட்டிச்சு. ஆரும் சிரிக்கல்ல. ரினோஸாவும் சிரிக்கல்ல.

அல்பத்த நாளைக்குப் பகல் கொழும்புக்கு அனுப்புறதாம். அதுக்குப் பிறகு மாத்தேலாதாம்.

செருப்பு வார் அறுந்திட்டு.

வெள்ளி
காத்து விழுந்திட்டு. வாவி அசையல்ல. பிள்ளையள் வெளிய தேத்தண்ணி குடிக்குதுகள். நான் உள்ள. கதவு சாத்திட்டன். அதே இருட்டு. போன் மடியில, மைக் அமத்தி. இனி நான் வாய் திறக்க மாட்டன், தம்பி. நீ சொல்லு.

சீனித்தம்பி. கிரான்.

எழுத்து ஊருது. நான் பேசல்லயே. மகள்! துஷி! அனுப்பாதங்க, ஓடி வாங்க, இத வாசிங்க