துப்பாக்கி வாரும் தேங்காய் எண்ணெயும்

நைனா,

இன்று காலை நைலான் வார் வந்துவிட்டது. கறுப்பு நிறம், பிளாஸ்டிக் கொக்கி. நம் கிடங்கின் புது செக்யூரிட்டி ஆபீசர் அதை மேசைமேல் போட்டுவிட்டு, "பாய், ரைபிள்ல இருக்கிற அந்தப் பழைய தோலைக் கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சரி சார் என்று கழற்றினேன். கழற்றும்போது மூக்கில் ஏறியது அந்த வாசனை. பத்து வருஷமாகியும் போகாத, சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாசனை. தூக்கிப் போட மனசு வரவில்லை. சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நமக்குள் என்ன பழக்கம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பதினோரு வருஷம் ஒரே வாசலில் வேலை பார்த்தோம், ஒரு நாள்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தச் செம்புக் கிடங்கு. பகல் நான், இரவு நீ. இரண்டு பேரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரைபிள், அதைத் தோளில் மாட்ட ஒரே தோல் வார். காலை ஏழு மணிக்கு நீ கொடுப்பாய், சாயங்காலம் ஏழு மணிக்கு நான் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், ஒரு டீ. நம் சிநேகிதம் மொத்தமும் அவ்வளவுதான்.

பட்டாளத்தில் இந்த வாரை எல்லாரும் ஸ்லிங் என்போம். நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உனக்கு அது தோலு. "துப்பாக்கிய எவன் வோணா தொடைப்பான் பாய், தோல எவன் கவனிக்கிறான்?" என்று கேட்பாய். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வந்தால் சாம்பல், கடலிலிருந்து வந்தால் உப்பு, இரண்டும் அந்த வாரில்தான் வந்து உட்காரும். ஈரத்துணியால் துடைப்பாய், நிழலில் காயவிடுவாய், மெழுகைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அந்தச் சூட்டிலேயே உள்ளே இறக்குவாய். மழைக்காலத்தில் அதில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தால் உன் முகமே செத்துப்போகும். ஒருநாள் நான் அதைக் காம்பவுண்ட் சுவர்மேல் வெயிலில் போட்டிருந்தேன். உன் குப்பத்து நாக்கு சும்மா இருக்குமா? "அது இன்னா கருவாடா பாய்? கொயம்பு வெக்கப் போறியா?" என்றாய்.

அப்புறம்தான் அந்த எண்ணெய் விவகாரம். அப்போது எனக்கு வலது தோளில் வலி. சட்டை மாட்டக்கூடக் கை தூக்க முடியாமல் உன்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலை ரைபிளை என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னாய்: "பாய், தோலுக்குத் தேங்கா எண்ண சூடு பண்ணித் தடவு. நல்லா அயித்தித் தேய்."

தடவினேன். அன்று மத்தியானமே டீக்கடை அடுப்பில் எண்ணெய் காய்ச்சி வாங்கி, வார் மொத்தமும் ஊற ஊறத் தடவினேன். தோலைப் பற்றி நீ சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது? இரண்டே நாளில் வார் தொளதொளத்து நீண்டுவிட்டது. ரைபிள் என் முழங்காலை இடித்தது. சட்டையெல்லாம் கறை, போதாததற்கு எறும்பு வேறு. சாயங்காலம் நீ வந்து நின்ற நேரத்தில் அப்போதிருந்த ஆபீசர் என்னைப் பிடித்துக்கொண்டார். எவன்யா இந்த வேலையைச் செய்தது என்று கத்தினார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் நீ வாயைத் திறந்தாய்: "நான்தான் சார் தடவச் சொன்னேன்." மூன்று நாள் வேலைக்கு வராதே என்று உன்னை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலாம் நாள் நீ வந்ததும், "உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றேன். நீ என்னவோ சொல்ல வந்தாய், நிறுத்திக்கொண்டாய். "வுடு பாய், பேஜாரு பண்ணாத" என்று டீயை நீட்டினாய். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் உன்னை எண்ணெய் டாக்டர் என்று கிண்டல் செய்தேன். அதற்கும் சிரித்தாய்.

நீண்டுபோன வாரில் நீயேதான் புதுத் துளைகள் போட்டுக் கொண்டுவந்தாய். நீ நெட்டை, உனக்கு மூன்றாம் துளை. நான் குட்டை, எனக்கு ஐந்தாம் துளை. காலையில் நீ கொடுக்கும்போது கொக்கி எப்போதும் ஐந்தாம் துளையில் இருக்கும். வாங்கி மாட்டினால் போதும், அளவாக உட்காரும். சாயங்காலம் அதை மூன்றாம் துளைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நீயும் கேட்டதில்லை. வாங்குவாய், இரண்டு துளை தளர்த்துவாய், மாட்டிக்கொண்டு போவாய்.

போன ஐப்பசி மழையில் மார்வலி வந்து நீ போனாய். பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை, அதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. உன் வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப தோலு எப்பிடிக்கீதுண்ணா?"

"நல்லாகீதும்மா. அவர் சொன்ன மாதிரியே மெழுகு போட்டுக்கினுதான் இருக்கேன்" என்றேன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இதுண்ணா. உங்களுக்கு வலிக்குதுன்னு எண்ண தடவச் சொன்னாராம், நீங்க துப்பாக்கி வாருக்குத் தடவிட்டீங்களாமே. வூட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அவராண்ட சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். வோணாம், பாய் வூட்ல கல்யாண நேரம், தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாருன்னுட்டாரு."

நம் ஊர் வாயில் தோளும் தோலும் ஒன்றுதான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனால் ஒருத்தன் சைக்கிளில் ஏறும்போதுகூட என் வலியை நினைத்துக்கொண்டு ஏறுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன், நைனா. உன் வீட்டுக்காரிதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உனக்குப் பதில் ஆள் போடவில்லை. இரவுக்கு கேமரா வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ரைபிளை அலமாரியில் பூட்டுகிறேன், காலையில் நானே திறந்து எடுக்கிறேன். வைத்த ஐந்தாம் துளையிலேயே இருக்கும் கொக்கி. ஒரு வருஷமாக அதை நகர்த்த ஒரு கை இல்லை. டீயும் தனியாகத்தான் குடிக்கிறேன். எனக்குப் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது, அதை வேறு எப்படிச் சொல்வது?

என் வீட்டுக்காரி, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ராத்திரி தொழுதுவிட்டு வந்து வாரை ஈரத்துணியால் துடைத்தேன். கொக்கியை மூன்றாம் துளைக்கு மாற்றி, வெயில் படாத ஆணியில் தொங்கவிட்டேன். அப்புறம் கரண்டியில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணினேன். சட்டையைக் கழற்றிவிட்டு, நீ சொன்ன மாதிரியே அயித்தித் தேய்த்தேன். இந்தத் தடவை தோளுக்குத்தான்.

பின்பக்கம் கை எட்டவில்லை, நைனா.