பதின்மூன்றாவது சென்சார்

மார்ச் 4, திங்கள்

இன்றிலிருந்து நான் நகராட்சியின் ஐரோப்பியக் கூட்டுறவுப் பிரிவில். குடிநீர்ப் பிரிவில் பம்புகளோடு நன்றாகத்தான் இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வரும், சென்சாரும் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாற்காலியோடு மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

நான்கு நாடு, நான்கு நகரம், ஒரு வெள்ள எச்சரிக்கைத் திட்டம். போலந்திலிருந்து நாங்கள். எங்கள் பங்குக்குப் பன்னிரண்டு சென்சார், கூட ஒரு ஸ்பேர். பாலத்துக்கு அடியில் மாட்டினால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தை அனுப்பும். இரண்டு வாரத்து வேலை. திட்டத்தில் பதினெட்டு மாதம் போட்டிருக்கிறார்கள். மீதி நாளெல்லாம் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கூட்டம் போடுவார்கள்.

பிரிவின் தலைவி ரெனாத்தா மேடம் ஒரு அட்டவணை கொடுத்தார். சென்சாருக்கு ஒரு வரி. கடைசிக் கட்டம் ‘பயனடையும் குடியிருப்போர்’. ஏழாம் எண், ஓல்ஷா ஓடைப் பாலம், தோட்டக் காலனி. கடைசிக் கட்டத்தில் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தில் ஒருவர் என் அப்பா.

மார்ச் 10, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கப் போனேன். பனி கரைந்து பாதை முழுக்கச் சேறு.

தோட்டக் காலனியில் குடியிருக்கக் கூடாது. சட்டம். காய்கறி போடலாம், பகலில் குடிசையில் உட்கார்ந்து பீர் குடிக்கலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் ஓடைப் பக்கத்து வரிசையில் பதினொரு பேர் குளிர்காலத்திலும் அங்கேதான். தோட்டச் சங்கத் தலைவருக்குத் தெரியும், மின்சாரம் கணக்கெடுக்க வருகிறவனுக்குத் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது. காகிதத்தின்படி அப்பா ஐந்து வருடமாக என்னோடு நான்காம் மாடியில் வசிக்கிறார். அம்மாவோடு பிரிந்து, வீட்டை விற்ற பிறகு, உண்மையில் என்னிடம் இரண்டு மாதம்தான் இருந்தார். என் ஒற்றை அறையில் மூச்சு முட்டுகிறது என்று கிளம்பிப் போனார்.

"வாங்க, பிரஸ்ஸல்ஸ்காரரே," என்றார். "எங்க தக்காளிக்கு ஐரோப்பாவுல ஏதாச்சும் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?"

புளித்த மாவு சூப், முட்டை. பக்கத்துக் குடிசை ஹலீனா அம்மா கோழியைத் துரத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். சென்சார் பற்றிச் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம். "நம்ம பாலத்துலயா? பார்றா."

பூஜ்யத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 19

திட்டக் கூட்டம். விதி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரக் கொடி போட்ட நீலப் பலகை, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில்.

"ஏழாம் நம்பருக்குப் பலகையை எங்க மாட்டறது?" என்றார் ரெனாத்தா மேடம். "அந்தப் பக்கம் ஆளே கிடையாது. ஆத்தங்கரை நடைபாதைக்கு மாத்திடலாம். ஐஸ்கிரீம் கடைக்கு எதிர்ல. டிமோன், தொழில்நுட்பக் காரணம்னு நாலு வரி வேணும். நீங்க எழுதிடுங்க."

ஒரே வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே பதினொரு பேர் இருக்கிறார்கள். சொன்னால்? அட்டவணை திருத்தப்படும். அப்புறம் கட்டட ஆய்வாளர் போவார். அப்புறம் ஒரு கடிதம், கெடு தேதியோடு. அப்பா எங்கே போவார்?

சொல்லாவிட்டால் ஓடை.

நாலு வரி எழுதினேன். ஓல்ஷா பாலத்தில் சிக்னல் பலவீனம். பொய் இல்லை, பலவீனம்தான். வெளியே ஒரு ஆண்டெனா வைத்தால் சரியாகிவிடும். அதை எழுதவில்லை.

மார்ச் 20

தூக்கமில்லை. ஓடை ஆறு மாதிரி இல்லை. ஆறு ஏற ஒரு நாள் எடுக்கும், ஓடை ஒரு மணி நேரத்தில் ஏறும். நடைபாதை சென்சாரிலிருந்து சேதி வரும்போது அப்பா கழுத்தளவு தண்ணீரில் நிற்பார். இது எனக்குத் தெரியாமலா கையெழுத்துப் போட்டேன்?

ஏப்ரல் 10, புதன்

கூட்டு நகரங்களிலிருந்து பதினாறு பேர் வந்து போனார்கள். வாசலில் வரவேற்புக்கு ரொட்டியும் உப்பும், தீயணைப்பு வீரர்களின் பித்தளை வாத்தியம், மேயரோடு போட்டோ. நடைபாதையில் ஏழாம் எண் பலகையை ஒவ்வொருவரும் போட்டோ எடுத்தார்கள். ஐஸ்கிரீம்காரனுக்கு நல்ல வியாபாரம்.

போர்ச்சுகல்காரர்களோடு இனேஷ் என்று ஒரு இன்ஜினியர். என் வயதுதான் இருக்கும். கையில் ஏழாம் எண்ணை ஓடையில் காட்டும் பழைய திட்ட வரைபடம் வைத்திருந்தாள். "ஓடையைப் பார்க்கணும்" என்றாள். நிகழ்ச்சி நிரலில் இல்லை. கூட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன்? தெரியவில்லை.

பாலத்தில் நின்றாள். ஆறு டிகிரி குளிர். குடிசைப் புகைபோக்கிகளில் புகை.

"யாரு சமைக்கறாங்க?"

"சருகு எரிக்கறாங்க."

"புகைபோக்கி வழியாவா?"

பாலத்திலிருந்து திரும்பினோம். பேருந்து ஏறும்போதுதான் கேட்டாள். "உங்க ஸ்பேர் எங்க இருக்கு?"

"அலமாரியில."

"எங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சு. வெள்ளம் வந்தன்னிக்கு அதுவும் அலமாரியிலதான் இருந்துச்சு."

மே 5, ஞாயிறு

அப்பாவோடு சண்டை. எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம், பலகை, என் நாலு வரி.

"நான் உண்மையைச் சொல்லிடவா?" என்றேன்.

"சொல்லு. சொல்லிட்டு ஹலீனாகிட்டயும் போய்ச் சொல்லு. அவ புருஷன் நடக்க முடியாம கிடக்கான். அவங்களுக்கு உன்னை மாதிரி நாலாம் மாடியில மகன் இல்ல."

"தண்ணி வந்தா?"

"வரும்போது பாத்துக்கலாம்."

"பாத்துக்க நேரம் இருக்காதுப்பா. கணக்குப் போட்டிருக்கேன். நாப்பது நிமிஷம்."

"கணக்குப் போட்டவன் எதுக்குடா கையெழுத்துப் போட்டே?"

கதவை அறைந்துவிட்டு வந்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் முட்டைப் பையை வாங்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.

மே 18, சனி

ஸ்பேரை ‘சோதனைக்கு’ என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பாலத்துக்கு அடியில் மாட்டினேன், வெளியே ஆண்டெனா. அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நட்சத்திரப் பலகை எங்கடா?"

"இதுக்குக் கிடையாது. இது இங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது."

"அப்ப இது நம்ம ஆளு," என்றார். "இதையும் உன் வீட்டு விலாசத்துல பதிஞ்சு வச்சுக்கோ."

நகராட்சிக் கணினியில் சேர்த்தால் வரைபடத்தில் புள்ளி தெரியும். அதனால் சேதி என் போனுக்கு மட்டும்.

ஜூன் 6

பதின்மூன்று: 38 செ.மீ.

ஜூன் 20

சினிமா பார்க்கப் போன இடத்தில் போன் அணைந்துவிட்டது. இரண்டு மணி நேரம். வெளியே வந்தால் மழை. சார்ஜர் கேட்டுப் பக்கத்துக் கடைக்குள் ஓடினேன். 44 செ.மீ. இது ஒரு எச்சரிக்கை அமைப்பா? ஒரு முட்டாளின் சட்டைப்பையில் ஒரு பேட்டரி. பதினொரு பேர் அதை நம்பியிருக்கிறார்கள், பத்துப் பேருக்கு அது தெரியவும் தெரியாது.

ஜூலை 12, வெள்ளி

நேற்று.

மதியம் 1.40: 61. மேலே மலையில் மேகம் உடைந்திருக்கிறது, நகரத்தில் வெயில். 1.50: 88. 2.00: 117. நடைபாதை ஏழாம் எண்ணில் அசைவே இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன்.

"தோட்டக் காலனியா? அங்க யாரும் குடியிருக்கறதில்லையே. எங்க பட்டியல்ல இல்ல."

"இருக்காங்க."

"பகல்ல தோட்ட வேலைக்கு வந்தவங்களா?"

இங்கே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வண்டி வந்திருக்கும். ஆனால் இரண்டு சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டு, யாரும் வெளியே இல்லை என்று திரும்பிப் போயிருப்பார்கள். ஹலீனா அம்மாவின் கணவர் படுக்கையில்.

"குடியிருக்காங்க. பதினொரு பேர். ஓடை வரிசை, நாலாம் நம்பர்லேர்ந்து பதினாலு வரைக்கும். ஒன்பதாம் நம்பர்ல ஒருத்தர் நடக்க முடியாதவர், ஸ்ட்ரெச்சர் வேணும்."

"நீங்க யாரு சொல்றது?"

பெயர் சொன்னேன். பதவி சொன்னேன். அந்த போனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியும்.

2.40க்குத் தண்ணீர் குடிசைகளுக்குள் போய்விட்டது. பதினொரு பேரும் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில். கோழிகள் போயின. அப்பா போனை ஜன்னலோரம் சார்ஜில் வைத்துவிட்டுத் தக்காளிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மனுஷன்! நேரில் பார்த்ததும் கத்தினேன், கண்டபடி. கத்தி முடிக்கும்வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஜூலை 15

ஸ்பேரைப் பாலத்தில் மாட்டியது அலுவலகத்தில் தெரிந்துவிட்டது. ரெனாத்தா மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நல்ல காரியம் பண்ணினீங்க. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

பேனாவை மூடி வைத்தார். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2

கடிதம் வந்துவிட்டது. பதினொரு பேருக்கும். சட்டவிரோதக் குடியிருப்பு, செப்டம்பர் 30க்குள் காலி. ஆதாரமாகத் தீயணைப்பு நிலையத்துப் பதிவேடு: தகவல் தந்தவர், என் பெயர்.

ஆகஸ்ட் 4

குடிசையைக் கழுவ அப்பாவுக்கு உதவப் போனேன். ஹலீனா அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் சகதியில் நின்றார்.

"உயிரோட இருக்கேன் தம்பி, உனக்குப் புண்ணியம். இனி எங்க இருக்கணும்னும் நீயே சொல்லிடு."

நகராட்சி வீட்டுக்கு வரிசையில் நானூறு பேர் நிற்கிறார்கள். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்கினேன். அப்பா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 28, சனி

அப்பா வந்துவிட்டார். இரண்டு பை, ஒரு ரேடியோ, வாளியில் பச்சைத் தக்காளி. ஹலீனா அம்மாவும் கணவரும் தங்கை வீட்டுக்கு, வேறு ஊருக்கு. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தேன். நாலு பேரைப் பற்றித் தெரியவில்லை.

விலாசம் மாற்ற நகராட்சிக்குப் போக வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம். எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நான்கு நகரக் குழு பதின்மூன்றாம் எண்ணை ‘சிறந்த முன்மாதிரி’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்று மேயர் பாலத்தில் பலகை திறந்தார். நட்சத்திரக் கொடி, கைதட்டல். பின்னால் புல்டோசர் ஓட்டிய தரை, ஒரு புகைபோக்கி கிடையாது. இனேஷ் வரவில்லை. ஏழு வார்த்தையில் ஒரு மின்னஞ்சல் மட்டும்: "போட்டோ பார்த்தேன். குடிசைகள் எங்கே? அவர்கள் எங்கே போனார்கள்?" இன்னும் பதில் எழுதவில்லை.

இறுதி அறிக்கையின் அட்டவணை கையெழுத்துக்கு வந்தது. பதின்மூன்றாம் எண், ஓல்ஷா பாலம். பயனடையும் குடியிருப்போர்: 11.

அதை அடித்து 0 என்று எழுதினேன். கீழே, அவர்கள் போன தேதி. ரெனாத்தா மேடம் பார்த்தார், அப்படியே மேலே அனுப்பினார். திரும்பி வரும்.

சாயங்காலம் அப்பா ஜன்னல் விளிம்பில் தக்காளியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பாதி சிவந்துவிட்டது. தினமும் கேட்பதை இன்றும் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னிக்கு எவ்வளவுடா?"

போனை எடுத்துப் பார்த்தேன்.

"நாப்பத்தொண்ணு."

"பரவால்ல," என்றார்.