பெருங்குமிழி ஏரியின் முன்குடம் பற்றி நெடுங்கரை நாட்டாருக்கு விடுத்த ஓலை

நீரும் நெல்லும் குறைவின்றி நிற்க.

குவளைமலைக்கும் அதன் அடியில் பரந்த நாடுகளுக்கும் உடையவரும், ஏரிகட்டிய பெருமானின் திருமகளாரும், குடிகளின் கண்ணீரைத் தம் கண்ணீராய்க் கொள்பவருமான எழில்மங்காதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சர் அமுதனார் எழுதுவித்த ஓலை. நெடுங்கரை நாட்டுச் சபையாரும், பெருங்குமிழி ஏரியின் மேலைக்கரையாரும் கீழைக்கரையாரும், ஆண்மக்களும் பெண்மக்களும் கண்டுகொள்க. உங்கள் வயல்கள் விளைக. உங்கள் மாடுகள் கறக்க. உங்கள் பிள்ளைகள் நோயின்றி வளர்க.

நீங்கள் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. வெள்ளம் வடிந்ததையும், கரை நின்றதையும், அதற்காக உயிர் விட்ட மடைநாயகர் சேந்தன் குழைக்காதனாருக்கு ஏரிக்கரை மேல் கல் நாட்ட விரும்புவதையும், அக்கல்லில் 'நாட்டார் ஒருமனதாய்த் தெரிந்தெடுத்த நாயகர்' என்று பொறிக்க உத்தரவு வேண்டுவதையும் அறிந்தோம். விண்ணப்பம் வெகு அழகாக இருந்தது. எழுதியவர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. நடந்தது மட்டும் அதில் இல்லை. ஆகையால் நடந்ததை முதலில் சொல்லி உத்தரவைப் பின்னால் சொல்லும்படி தேவியார் பணித்தார். சபை கூடிய இடத்தில் இதை உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடியும்வரை எவரும் வேலையிருக்கிறதென்று எழுந்து போகலாகாது.

தேவியாரின் தந்தையாரான பெரிய தேவர் காலத்துக்கு முன் உங்கள் நாட்டில், ஏரியின் மடையைத் திறந்து மூடும் மடைநாயகரை எப்படி வைத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். கரைக்குச் சில பெரிய வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு ஆளைச் சொல்லும். மற்றவர்கள் வெளியே நின்று தலையாட்டுவார்கள். அந்தக் கதவைத் திறக்கவே பெரிய தேவர் சட்டம் செய்தார். ஒவ்வொரு கரையிலும் ஒரு முன்குடம் வைத்து, அதில் பெயரெழுதிய ஓலையிட்டு, அந்தக் கரையின் சார்பில் நிற்கப்போகும் ஒருவரை முதலில் தெரிந்தெடுப்பது. பின்பு பொதுக்குடம் வைத்து, அந்த இருவரில் ஒருவரை நாடு முழுவதும் தெரிந்தெடுப்பது. முன்குடத்தில் ஓலையிட நாட்டில் எவருக்கும் உரிமை உண்டு, எந்தக் கரைக் குடத்திலும் இடலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் ஓலைதான் என்றார். முன்குடத்தில் வென்றவர் விலகினால் அந்தக் கரைக்கு அம்முறை ஆளில்லை. தோற்றவர் பொதுக்குடத்துக்கு வரலாகாது. தோற்ற ஒருவன் வஞ்சம் தீர்க்க மடையைத் திறந்து பயிரை மூழ்கடித்த கதை அப்போது எல்லோர் நினைவிலும் இருந்ததால், நாயகர் கையன்றி வேறு கை மடைக்கல்லைத் தொடலாகாது என்றும் எழுதினார். நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம். உங்களை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

பழைய நாயகர் இறந்து, இந்த ஆவணியில் முன்குடம் வைத்தார்கள். கீழைக்கரையில் மருதன் ஏறன் நின்றார். கரையை அடுத்து, ஆள் ஆழத்துக்கும் கீழே இருக்கும், நீரை வெளியே விடும் தூம்பின் வாயில் மூழ்கி, அதை அடைத்த மடைக்கல்லைக் கிளப்பி வரக்கூடிய நெஞ்சுரம் அவருக்கு உண்டென்று மேலைக்கரையாரும் ஒப்புவார்கள். அவரோடு ஒப்புக்கு இன்னொரு பெயர் வேண்டுமே என்று செக்குமேட்டில் எண்ணெய் ஆட்டும் குழைக்காதனாரையும் நிறுத்தினார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, தண்ணீரென்றாலே பயம். பரிசலில் கால் வைக்க மாட்டார்; கிணற்றடியில் செம்பால் மொண்டு குளிப்பார். அவரை நிறுத்தியபோது நீங்கள் சிரித்தீர்கள். அவரும் கூடவே சிரித்தார் என்று அவர் மனைவி சிரியாள் நடந்ததை விசாரிக்க வந்த எம் தூதரிடம் சொன்னார்.

மேலைக்கரையிலும் தகுதியுள்ள ஆள் இருந்தார். அவரோடு ஒப்புக்கு நின்றவர் பெரும்பற்றன் என்னும் பெரியவர். சபையில் உறங்குவதற்கும், விழித்தால் வழக்குத் தொடுப்பதற்கும் பேர்போனவர்.

இனி முன்குடத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும், சொல்லவே கூசுகிறது. நம் ஆள் எப்படியும் வென்றுவிடுவார், நாம் எதிர்க்கரைக்குப் போய் உதவாத ஆளுக்கு ஓலையிட்டு வருவோம், பொதுக்குடத்தில் வேலை சுலபமாகும் என்று மேலைக்கரையில் ஒரு யோசனை. அதே யோசனை, அதே காலையில், கீழைக்கரையிலும். பரிசல்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் புறப்பட்டன. ஏரியின் நடுவே எதிரெதிராய் வந்தபோது எங்கே பயணம் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டீர்கள். கீழைக்கரையார் பெண்பார்க்கப் போவதாகச் சொன்னார்களாம். மேலைக்கரையார் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்களாம். இடுப்பில் செருகிய ஓலையைக் கையால் மறைத்துக்கொண்டு, நமட்டுச் சிரிப்போடு, ஒரு நாடே தன் குடத்தைக் காலியாய் விட்டு அடுத்தவர் குடத்தைக் கெடுக்கப் போயிற்று.

சாயங்காலம் குடங்களை உடைத்தபோது கீழைக்கரையில் குழைக்காதனார், மேலைக்கரையில் பெரும்பற்றன். பெரும்பற்றனாரை எழுப்பித்தான் செய்தியைச் சொன்னார்களாம்.

குழைக்காதனாருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மாட்டின் பின்னால் செக்கைச் சுற்றி வந்தவரை நாடு திரும்பிப் பார்த்திருக்கிறது. அவர் அன்று தெருவுக்கெல்லாம் எள்ளுருண்டை கொடுத்தார். கரையில் நிறைய பேருக்குத் தம்மேல் இவ்வளவு பற்றிருப்பது தமக்கே தெரியாமல் போயிற்றே என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அந்த அம்மை தலை நிமிராமல் எள் புடைத்துக்கொண்டிருந்தார். எள்ளுருண்டையை வாங்கித் தின்றவர்களும் நடந்ததைச் சொல்லவில்லை.

சொன்னவன் மேலைக்கரையான் ஒருவன். எண்ணெய் வாங்க வந்த இடத்தில், எங்கள் ஓலையால் வந்த பெருமைதானே, அதற்கு ஒரு படி எண்ணெய் சும்மா கொடுத்தால் என்ன என்று கேட்டான். குழைக்காதனார் முதலில் விளங்காமல் விழித்தார். விளங்கியதும் படியை நிறைய அளந்து கொடுத்துவிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். நீயும் பரிசலில் போனாயா என்று மனைவியைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். அதற்குக் குழைக்காதனார் வாய்விட்டுச் சிரித்தாராம். தாமும் போனதாகச் சொன்னாராம். பரிசலுக்குப் பயந்து கரைவழியே ஏரியைச் சுற்றி நடந்து, குடத்துக்கு முத்திரை வைக்கும் நேரத்தில் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்து, பெரும்பற்றனுக்கு ஓலையிட்டு வந்தாராம். தம் பெயருக்குத் தம் கையே ஓலையிடவில்லை என்பதைச் சொல்லிச் சிரித்தவர், அன்று சோற்றைத் தொடவில்லை.

மறுநாளே தலைநகருக்கு நடந்தார். அவையில் நின்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. தம்மைக் கேலிக்கு ஆளாக்கியதை அவர் முறையிடவில்லை. தாமும் அதே கேலிக்குத்தான் நடந்ததாகச் சொன்னார். ஐப்பசி வந்தால் மழை வரும், மழை வந்தால் கல்லைக் கிளப்ப வேண்டும், அது தம்மால் ஆகாது, கரை உடைந்தால் கீழேயுள்ள சேரிகளும் தெருக்களும் மிஞ்சா, ஆகையால் தம் பெயரை எடுத்துவிட்டு மருதன் ஏறன் பெயரை வைத்துத் தரவேண்டும் என்று கேட்டார். இதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அவை நெடுநேரம் ஆராய்ந்தது. முன்குடத்துக்கும் பொதுக்குடத்துக்கும் நடுவில் சட்டத்தை மாற்றினால், நாளை தோற்றவரெல்லாம் அரண்மனை வாசலுக்கு வந்து மாற்றச் சொல்வார்கள். அரசு ஒருவர் பெயரை எடுத்து ஒருவர் பெயரை வைக்கத் தொடங்கினால் குடமே எதற்கு என்றது. தேவியாரும் அதை ஏற்றார். விலகினால் பெரும்பற்றன் எதிர்ப்பின்றி நாயகராவார் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். குழைக்காதனார் கும்பிட்டு, அப்படியானால் நிற்கிறேன் என்று சொல்லிப் போனார். அவை சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அதுதான் இந்த அரண்மனையை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

மழை ஐப்பசிவரை காத்திருக்கவில்லை. புரட்டாசியிலேயே வானம் பிளந்தது. மிகைநீர் வழியும் கலிங்கையும் தாண்டி ஏரி பெருகவே, பொதுக்குடத்தை உடனே வைக்கும்படி ஆணை விடுத்தோம். பெரும்பற்றனார் முழங்கால் வலிக்கிறது, மழை விட்டால் வருகிறேன் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டார். ஆகவே இருகரையும் குழைக்காதனார் பெயரையே எழுதியது. உங்கள் விண்ணப்பத்தில் ஒருமனதாய் என்று எழுதினீர்கள். பொய்யில்லை. பயந்த மனங்கள் ஒருமனமாவதில் வியப்பும் இல்லை.

கரைமேல் நாடே நின்றது. மருதன் ஏறன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். எம் நாடுகாவல் அதிகாரி கோலைக் குறுக்கே நீட்டி, நாயகர் கையன்றி வேறு கை கல்லைத் தொடலாகாது என்று சட்டத்தைச் சொன்னார். அவர் தம் கடமையைச் செய்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கோலைத் தட்டிவிட அவ்வளவு பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். குழைக்காதனார் யாரையும் பார்க்கவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டச் சொன்னார். மறுமுனையை மருதனிடம் கொடுத்தார். அதையாவது தொடலாமா என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உடம்பெல்லாம் நடுங்கிற்றாம். குளிரென்று சொன்னாராம்.

முதல் முறை மூச்சு முட்டி மேலே வந்தார். கரைக்கு இழுக்கவா என்று மருதன் கேட்டதற்கு, வேண்டாம், கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது என்றார். மறுமுறை போனவர் வரவில்லை. நீர் சுழித்தது, தூம்பு திறந்தது, கீழே வாய்க்காலில் வெள்ளம் இரைந்து போயிற்று. கயிற்றை இழுத்து, அது வராமல், மருதன் கோலையும் சட்டத்தையும் தள்ளிவிட்டுக் குதித்து அவரைக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. கரை நின்றது. எவர் வீட்டுச் சுவரும் விழவில்லை.

இனி உத்தரவு.

வரும் ஆண்டு முதல் ஒவ்வொருவரும் சித்திரை முடிவதற்குள், எவர் நிற்கப் போகிறார் என்று தெரியும் முன்னரே, தாம் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று சபையில் சொல்ல வேண்டும். சொன்ன கரையின் முன்குடத்தில் மட்டும் ஓலையிடலாம். அவ்வாண்டில் கரை மாறலாகாது. எந்தக் கரையும் வேண்டாதவர் பொதுக்குடத்துக்குக் காத்திருக்கலாம். இதைச் சாக்கிட்டுப் பெரிய வீடுகள் பழையபடி கதவைச் சாத்தப் பார்த்தால், அந்தக் கதவைத் தேவியாரே வந்து திறப்பார். முன்குடத்தில் வென்றவர் பொதுக்குடத்துக்கு முன் விலகினால் அடுத்து நின்றவர் அவரிடத்துக்கு வருவார். வெள்ளம் வரும் நேரத்தில் மடைக்கல்லைத் தொடும் எந்தக் கையையும் எந்தக் கோலும் தடுக்கலாகாது. மருதன் ஏறன்மேல் குற்றமில்லை. இத்தனையும் எழுதிவிட்டோம். வேறு ஏதாவது வழியில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள மாட்டீர்கள் என்று எழுத மட்டும் எங்களுக்குச் சட்டம் தெரியவில்லை.

கல் பற்றி. 'நாட்டார் தெரிந்தெடுத்த' என்னும் சொற்களைப் பொறிக்கலாகாது. நீங்கள் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. இரண்டு முறையும் இல்லை. அவர் பெயரும், மடையைத் திறந்தார் என்பதும் போதும். அதையும் சிரியாளிடம் கேட்டு, அவர் சம்மதித்தால்தான் நாட்ட வேண்டும். ஏரிக்கரையில் நாட்டலாமா என்று எம் தூதர் அவரைக் கேட்டபோது அவர் சொன்ன விடையைத் தேவியார் அப்படியே ஆணையாக ஏற்றார். கல்லைக் கரையில் வைக்கலாகாது. செக்குமேட்டில், நீரின் ஓசை கேளாத இடத்தில் வைக்க வேண்டும். அவருக்குத் தண்ணீரென்றால் பயம்.

குவளை இலச்சினை இட்டது. படித்தவர் ஓலையைச் சுருட்டுக. கேட்டவர் எல்லோரும் எழுந்து சிரியாள் வீட்டுக்கு நடந்து போகுக.