கதைக்குக் கீழே ஷைனி எழுதியது

என் ரோஸ்லின் அண்ணி,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், மறுபடி வருகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உங்களிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இன்னும் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நான் அதே கம்ப்யூட்டர் சென்டரில் மனு டைப் அடிக்கிறேன். உங்கள் மகள் ஷைனி பதினொன்றாம் வகுப்பு. நீங்கள் போன பிறகு அவள் பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். கையில் எப்போது பார்த்தாலும் போன்.

அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. யாரோ பையன் என்று நினைத்தார். "எழுதிகினே இருக்குது எஸ்தரு. இன்னான்னு நீதான் பாக்கணும்" என்றார். அவள் குளிக்கப் போன நேரத்தில் நானும் எடுத்துப் பார்த்தேன்.

பையன் இல்லை அண்ணி. கதை. போனிலேயே தொடர்கதை வருகிற ஆப் ஒன்று. மலைமேல் ஒரு பெண்கள் விடுதி, மாதம் ஒரு பெண் காணாமல் போகிறாள், பதினாறு வயதுக்காரி ஒருத்தி தேடிக் கிளம்புகிறாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழேயும் வாசகர்கள் கருத்து எழுதுகிறார்கள். அங்கே 'காட்டுப்பூனை' என்ற பெயரில் நம் ஷைனி பத்தி பத்தியாக எழுதியிருந்தாள்.

ஒரு அத்தியாயத்தில் கதாநாயகன், தேடிக் கிளம்பின அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இனி நீ என்னிடம் மட்டும்தான் பேச வேண்டும் என்கிறான். மற்றவர்கள் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். ஷைனி எழுதியிருந்தது: "கையப் புடிச்சு இழுக்குறவன் எப்படி ஹீரோ ஆவான்? காப்பாத்த வந்தவளே அவதான். அவள ஏன் அழ வெக்கிறீங்க?"

படித்ததும் எனக்கு நீங்கள் ஞாபகம் வந்தீர்கள். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கும்போதே உங்கள் கையில் ஒரு மாத நாவல் இருக்கும். கொலைக் கதை, இல்லாவிட்டால் பேய்க் கதை. வீட்டுக்குள் நுழைந்ததும் எழுதினவரோடு சண்டை. செத்து ஒரு நாள் ஆன உடம்பை எப்படி வர்ணித்திருக்கிறார் பார் என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். எவன் யாரைக் கொன்றால் நமக்கென்ன என்று நான் காய்கறி நறுக்கப் போய்விடுவேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நான் அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அதே ஆப்பில் 'நிலா' என்று பெயர் வைத்து, பதினாறு வயது, சேலம் என்று போட்டு உள்ளே நுழைந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? அவள் பேசுகிற இடத்தில் நானும் இருக்க ஆசைப்பட்டேன். அத்தையாகப் போயிருந்தால் அவள் வேறு இடம் தேடிக்கொண்டிருப்பாள்.

ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் நடுவே படித்தேன். வார்டன்தான் பெண்களைக் கடத்துகிறாள் என்று எழுதினேன். வார்டன் இல்லை, மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் படி என்று ஷைனி பதில் போட்டாள். திரும்பப் படித்தேன். அவள் சொன்னது சரி. அப்புறம் புது அத்தியாயம் வருகிற வெள்ளிக்கிழமைக்காக நானே காத்திருக்க ஆரம்பித்தேன். உங்களைக் கேலி செய்த வாய் இது.

ஒரே அறையில் அவள் கட்டிலில் இருப்பாள், நான் தரையில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். "நிலா, படிச்சிட்டியா?" என்று என் போனில் வந்து விழும். சத்தத்தை முன்பே அணைத்திருப்பேன். மூன்றடி தூரம். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வராது.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. கதாநாயகியின் செத்துப்போன அம்மா திரும்பி வந்து மகளைக் காப்பாற்றுகிறாள். வாசகர்கள் எல்லோரும் அழுதோம் அழுதோம் என்று எழுதினார்கள். ஷைனி ஒரே வரி எழுதினாள்: "பொய். செத்தவங்க வர மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து நிலாவுக்குத் தனியாக ஒரு செய்தி. நான் சென்டரில் இருந்தேன். ஒரு பெரியவர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க நீட்டிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் முற்றிய அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாயா என்று அம்மா கேட்டார்கள், கதை முடிய இருபது பக்கம் இருக்கிறது, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டேன், சாயந்திரம் அம்மாவுக்கு நினைவில்லை, அதற்கப்புறம் பேசவே இல்லை என்று எழுதியிருந்தாள். அந்தப் புத்தகத்தை அதன்பின் தொடவில்லையாம். அம்மா தன் மேல் கோபத்தோடுதான் போனார்கள் என்று எழுதியிருந்தாள்.

அப்படி இருக்காது, அம்மா கோபப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நிலா பதில் போட்டாள். உடனே ஷைனி திருப்பிக் கேட்டாள்:

"உனக்கு இன்னா தெரியும்? நீ அங்க இருந்தியா?"

நான் அங்கே இருந்தேனே அண்ணி. ஆட்டோவில் உங்கள் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டு வந்தது நான்தானே. காய்ச்சலை மாத்திரையால் அடக்கி மூன்று நாள் மலையேறி வேலைக்குப் போனீர்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அன்று காலை யார் கூட வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

ஆட்டோவில் நீங்கள் சொன்னதும் என் காதில்தான் விழுந்தது. "அந்த மாமாக்காரன்தான் கொலகாரன்னு ஷைனிகிட்ட சொல்லியிருக்கேன். முடிச்சிட்டாளான்னு கேட்டு வை எஸ்தரு" என்றீர்கள். சிரிக்கக்கூடச் செய்தீர்கள். இரண்டு பேரும் அந்த ஒரே நாவலைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தேன். அடக்கத்துக்குப் பிறகு அது எனக்கு ஒரு பேச்சாகவே தோன்றவில்லை. ஒரு கொலைக் கதையைப் பற்றிய பேச்சைப் போய் அழுகிற பிள்ளையிடம் சொல்வார்களா என்று இருந்துவிட்டேன்.

பெரியவரின் கார்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் நிற்கக்கூட இல்லை, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். நிலா நான்தான் என்பதையும் சொன்னேன்.

நிலாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா சொன்னத ஏன் அத்த சொல்லல?"

"பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டேன் ஷைனி."

எழுந்து உள்ளே போனாள். காட்டுப்பூனை அன்றே ஆப்பிலிருந்து காணாமல் போனது. பத்து நாளுக்கு மேல் என் முகம் பார்க்கவில்லை. போனைப் பிடுங்கிவிடலாமா என்றார் அண்ணன். தப்பு என்னுடையது, அவள் எழுதியதை நான் திருடிப் படித்தேன், என்ன படிக்கிறாள் என்று நீங்கள் அவளிடமே கேளுங்கள் என்றேன்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட உடுப்போடு சென்டருக்கு வந்தாள். பீரோவில் துணிக்கு அடியில் இருந்த அந்த நாவல் அவள் கையில் இருந்தது. எனக்கு எதிரே நின்றாள்.

"மாமாக்காரன் இல்ல. தம்பிக்காரன். அம்மா சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. நான் கையை நீட்டினேன். தள்ளி நின்றாள். "உம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன் அத்த" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என் முகம் பார்த்துப் பேசியதே எனக்குப் போதும் என்று அன்றைக்கு இருந்தது. இப்போது போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மூவரும் ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போனோம். அண்ணன் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, அந்த விடுதிக் கதையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெண் காணாமல் போனாள். அண்ணன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார், அவள் சலித்துக்கொண்டே பதில் சொன்னாள். பின் சீட்டில் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு விடை தெரிந்த இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று அந்த ஆப்பில் என் சொந்தப் பெயரைப் போட்டேன். எஸ்தர், முப்பத்து நான்கு வயது, கள்ளக்குறிச்சி. புது அத்தியாயம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று நாலு வரி எழுதினேன். ஷைனி புதுப் பெயரில் அங்கே இருக்கிறாளா, அதைப் படித்தாளா? தெரியாது. தேடிப் பார்க்க விரல் துடிக்கிறது. தேட மாட்டேன்.

அண்ணி, அவளுக்குப் போய்ச் சேர வேண்டிய எதையும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இனி நான் வைத்துக்கொள்ள மாட்டேன். எது பெரிசு என்று முடிவு செய்ய நான் யார்? இந்தக் கடிதத்தையும் முதலில் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இதோ, கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர்