நான் வெட்டிப் போட்ட தண்டுகள்

மச்சாள்,

இன்று காலை பின்வளவில், களை முளைக்காமலிருக்க மூடியிருக்கும் கறுப்பு விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகளோடு ஒரு குருத்து, வெளிச்சம் தேடி வளைந்து கிடந்தது. உடைத்தபோது கையில் ஒட்டிய அந்தப் புளிப்பு மணம் உங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டது.

வில்லரே பகுதியில் இந்த வீட்டை வாங்கியபோது நீங்கள் கீழ்த்தட்டு, நானும் உங்கள் தம்பியும் பிள்ளையோடு மேல்தட்டு. வளவு உங்களுடையதாகவே இருந்தது. தக்காளி, கத்தரி, வெந்தயக்கீரை. வேலியோரம் மூங்கில்போல ஒரு செடி கிளம்பியதை முதலில் கண்டவரும் நீங்கள்தான். எனக்கு அதைப் பிடித்திருந்தது. அகன்ற இலை, கோடை முடிவில் வெள்ளைப் பூ, பின் ஒழுங்கையில் போகிறவர்களின் கண்ணுக்கு ஒரு மறைப்பு. நீங்களோ ஒரு இலையைப் பையில் போட்டுக்கொண்டு பூங்கன்றுக் கடைக்குப் போய்விட்டு வந்து, படியடியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பேர் றெனுவேயாம். யப்பானிலையிருந்து வந்த களை. வெட்டி மண்ணிலை போட்டால் கணுவுக்குக் கணு முளைக்குமாம். கிழங்கோடை தோண்டி, பையிலை கட்டி, குப்பைக்குத்தான் குடுக்கோணும். சனிக்கிழமை தம்பியும் நிப்பான், மூண்டு பேருமாத் தோண்டுவம். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்காதேங்கோ."

சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எந்த கார்டெரியில் விடுவது என்பதுவரை எல்லாவற்றையும் நீங்களே சொல்கிறீர்கள் என்ற புழுக்கம் எனக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் கத்தரிக்கோலோடு இறங்கினேன். எல்லாவற்றையும் வெட்டி, துண்டு துண்டாக்கி, உங்கள் பசளைக் குவியலுக்குள் புதைத்து மூடினேன். கிழங்கைத் தொடவேயில்லை.

"நானே தோண்டிக் குப்பைக்குக் குடுத்திட்டன், மச்சாள்" என்றேன்.

"தனியவோ? கெட்டிக்காரிதான்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்தப் பசளையை நீங்கள் பாத்திகளுக்கு அள்ளிப் போட்டபோது மேலே யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து தடுத்திருக்கலாம்.

மூன்று கிழமையில் உங்கள் தக்காளிக் கன்றுகளுக்கிடையில் சிவப்புக் குருத்துகள்.

"நீர் எல்லாம் குப்பைக்குத்தானே குடுத்தனீர்?"

"ஓம் மச்சாள். நீங்கள் கடையிலை வாங்கின மண் பையிலை வந்திருக்கும்."

நீங்கள் நம்பினீர்கள். அதற்குப் பிறகு இரண்டு கோடை, வருத்தம் பிடித்த முழங்காலோடு குந்தியிருந்து தோண்டினீர்கள். தோண்டத் தோண்ட வந்தது. ஒருநாள் உங்கள் தம்பியிடம், "நான்தான் கண்ட மண்ணையும் வாங்கிப் போட்டு உங்கடை வளவைப் பழுதாக்கிப்போட்டன்" என்றீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு உங்கள் மகனோடு கர்க்லாண்டிலுள்ள அவன் வீட்டுக்குப் போனீர்கள். அங்கே பெரிய வளவு. ஒரு மிளகாய்க் கன்றுகூட நீங்கள் நடவில்லை. வயது போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். உங்கள் செத்தவீட்டன்று மகன் சொன்னான்: "அம்மா பயந்தவ, மாமி. தன்ரை சாமானோடை அந்தக் களை இஞ்சையும் வந்திடுமெண்டு. மண்வெட்டியைக்கூடக் கொண்டுவரேல்லை."

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "வளவு இப்ப என்ன மாதிரி?" என்றீர்கள். "ஒண்டுமில்லை மச்சாள், களையெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றேன். உங்கள் முகம் இளகியது. அந்தப் பொய்யால்தான் நிம்மதி வந்ததென்று என்னை நானே பலநாள் ஏமாற்றிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பீர்கள். ஆனால் குற்றம் உங்களுடையதல்ல என்பது தெரிந்திருக்கும்.

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் வேலியருகே நின்று கூப்பிட்டாள். கையில் ஒரு குருத்து. தன் பூப்பாத்திக்குள் முளைத்திருக்கிறது, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்வது சுலபம். பேரைச் சொன்னேன். பிறகு என் அரைகுறைப் பிரெஞ்சில், இது எங்கள் பக்கத்திலிருந்து வந்தது, நான் வெட்டி மண்ணுக்குள் போட்டதால் பரவியது, வேறு ஒருவரின் பிழையுமில்லை என்றேன். அவளுடைய முகம் சுருங்கியது. சொன்னதற்கு மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மச்சாள். உங்களிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது.