எதிர் வீட்டுக்கான ஜெபக் குறிப்பு

நவம்பர் 6, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க: இன்வெர்ட்டருக்குத் தண்ணீர், இட்லி அரிசி, சிவப்புப் பேனா. கல்லூரி இன்டர்னல் தேர்வுப் பேப்பர் பாதிகூடத் திருத்தவில்லை.

மாலை ரூபி அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம். வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்தேன். "நீ ஒரு ஜெபக் குறிப்பாவது குடேன் நிர்மலா. வாயே திறக்க மாட்டேங்கறியே!" திறந்தேன். எதிர் பிளாட் எஸ்தர் அக்கா தன் மகள் ஷீபாவைப் பற்றி என்னிடம் சொன்ன விஷயம். பெயர் சொல்லவில்லை. எங்க பக்கத்துல ஒரு பொண்ணு, கல்யாணமாகி வருஷம்கூட ஆகலை, திரும்பி வந்துட்டா, இனிமே போகமாட்டாளாம் என்றேன். எல்லாரும் உருகி ஜெபித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுண்டலில் உப்பு அதிகம்.

நவம்பர் 8, சனி
மழை விட்டது. செம்பாக்கம் ஏரி தளும்புகிறதாம். பார்க்கப் போகவில்லை.

எதிர் வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. ரூபி அக்காவும் இன்னும் இருவரும், ஆப்பிள் பையோடு. ஷீபாவுடன் 'ஜெபிக்க'. கதவு திறந்திருந்ததால் கேட்டது: "புருஷன்னா நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வான். நீதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." பதிலுக்கு உள்ளறைக் கதவு படாரென்று சாத்தும் சத்தம்.

பிறகு படிக்கட்டில் எஸ்தர் அக்கா. "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், நிர்மலா." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பேர் சொல்லலையே அக்கா என்றேன். வாதம் சரிதான். பிஹெச்.டி. வேறு எதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு
மூட்டம். பிரசங்கம் பரிசுத்தம் பற்றி. ஆயர் பாவங்களை அடுக்கினார்: குடி, சீட்டு, ராத்திரி முழுக்கச் செல்போன். எனக்கு வழக்கம்போல் பாஸ் மார்க். பாவம் என்கிற சொல்லே எனக்குக் கூச்சம். தவறு, பலவீனம் என்றுதான் எழுதிப் பழக்கம்.

பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து வாசிக்கும்போது நடுவில் குரல் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் இருமல் மிட்டாய் கொடுத்தார்.

ஷீபாவுக்காக அந்த வியாழனுக்கு முன் ஒருமுறைகூட நான் ஜெபித்ததில்லை. சொன்னபோது அறையே என்னைப் பார்த்தது. இனித்தது. இதற்குத் 'தவறு' போதாது.

ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். அது சுலபம். எதிர் வீட்டில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்
மழை, கல்லூரி லீவு. போனேன். ஷீபா வாசலிலேயே நின்றாள். தயாரித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "நான்தான் சொன்னேன். ஜெபத்துக்காக இல்லை. சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு."

"தெரியும் ஆன்ட்டி. மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்லணுமா?"

"வேண்டாம்மா."

"நாளைக்குத் தாம்பரத்துல வக்கீலைப் பாக்கணும். அம்மா வரலையாம். வெளிய தெரிஞ்சா அசிங்கமாம். இனிமே தெரியறதுக்கு என்ன பாக்கி? நீங்க வர்றீங்களா?"

பாதி கிண்டல், பாதி நிஜம். வருகிறேன் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்
வெயில். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல். ஆட்டோவில் இருவரும் போனோம். வக்கீல் கேட்கக் கேட்க ஷீபா சொன்னாள். நடுங்காமல். என்ன சொன்னாள் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.

திரும்பி வந்தபோது கேட்டருகே ரூபி அக்கா. ஷீபா நிற்காமல் மாடியேறினாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்? அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம், மாமியாரே சொல்றாங்களாம்."

தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே வாக்கியம் போதும், ரூபி அக்கா வாயடைத்துப் போவார். ஷீபாவுக்கும் நல்லது. இந்த முறை காரணம் நிஜமாகவே நல்ல காரணம். அதுதான் பயமாக இருந்தது.

"அது அவ விஷயம் அக்கா. நான் பேசறதா இல்லை."

"ஜெபிக்கத்தானே கேக்கறேன்?"

"பேர் தெரியும்ல, ஜெபிங்க. மீதி ஆண்டவருக்குத் தெரியும்."

அக்கா முகம் சுண்டிவிட்டது. வரும் வியாழன் குறிப்புகளில் நானும் இருப்பேன். இருக்கட்டும்.

மாடியில் ஷீபா காத்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் கேட்டுச்சு ஆன்ட்டி. டீ குடிச்சுட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். எஸ்தர் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சமையலறையிலிருந்து ஷீபாவிடம் மட்டும், "அவளுக்குச் சர்க்கரை போடலாமான்னு கேளு."